வெள்ளையாக விட்ட வயல்

நீர்வண்ணப் பெட்டியில் வெள்ளை ட்யூப் ஒன்று கட்டாயம் இருக்கும். அதைத் தொடாதே என்பதுதான் எனக்கு முதலில் சொல்லப்பட்டது. நீர்வண்ணத்தில் வெள்ளை பூசுகிற நிறம் இல்லை; விட்டுவைக்கிற இடம். மேகத்தின் விளிம்பு, வேட்டியில் வெயில் விழுந்த மடிப்பு, தண்ணீர் மின்னும் இடம் எல்லாமே வெறும் காகிதம்தான். படம் முடிகிறவரை அங்கே தூரிகை படாமல் காப்பாற்ற வேண்டும். போஸ்டர் கலரில் தப்பு செய்தால் மேலே இன்னொரு பூச்சு பூசி மறைத்துவிடலாம். எண்ணெய் வண்ணத்தைச் சுரண்டி எடுக்கலாம். இதில் போனது போனதுதான். ஈரம் இருக்கும்போதே டிஷ்யூவால் ஒற்றினால் கொஞ்சம் வெளிறும், ஆனால் அந்தப் பழைய வெள்ளை வராது.

இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நீர்வண்ணம் என்றால் பயம். இப்போது பட்டுக்கோட்டையில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பயம் போகவில்லை. கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் நடவு, அறுப்பு, தேங்காய் உரிப்பு என்று எது கிடைக்கிறதோ அந்த வேலைக்குப் போகிறவர்கள். ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது அப்பா, "செவத்துல பேர் எழுதுற வேலையா?" என்று கேட்டார். "அதுவும் உண்டுப்பா" என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

கல்லூரியில் சொற்களே என்னை முதலில் மிரட்டின. நீர்வண்ண வகுப்பின் முதல் நாள், "பேப்பருக்கு ஒரு வாஷ் குடுத்துட்டு வா" என்றார்கள். நான் காகிதத்தைக் குழாயடிக்கு எடுத்துப்போய் நன்றாக அலசிக்கொண்டு வந்தேன். பக்கத்து பெஞ்ச் நண்பன், "சோப்பு போட்டியா மச்சான்?" என்று கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வாஷ் என்றால் நிறைய தண்ணீரில் கரைத்த வண்ணத்தை ஒரே சீராக மேலிருந்து கீழே இறக்குவது. பலகையை லேசாகச் சாய்த்து வைத்து, தூரிகையை இடமிருந்து வலமாக இழுத்தால், கோட்டின் அடியில் தண்ணீர் மணியாகத் திரண்டு நிற்கும். அந்த மணி காய்வதற்குள் அடுத்த இழுப்பில் அதைத் தொட்டுக் கீழே கொண்டுவர வேண்டும். இதை மட்டும் நான் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். சிறு வயதில் அம்மாவோடு நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைத்த கை. தண்ணீர் எந்தப் பக்கம் சாயப் பார்க்கிறது என்று அதற்குத் தெரியும்.

காகிதம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பள்ளிக்கூடத்து சார்ட் பேப்பரில் போட்டால் தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி சுருளும். பருத்தியில் செய்த தடித்த காகிதம் தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும், நமக்கு யோசிக்க நேரம் கொடுக்கும். விலை அதிகம். தூரிகையில் பெரிய பட்டை ஒன்று, கூர்முனை உருண்டை இரண்டு போதும். வண்ணத்திலும் நிறைய வேண்டாம். அல்ட்ராமரைன் நீலம், யெல்லோ ஆக்கர் என்கிற காவி மஞ்சள், பர்ன்ட் சியன்னா என்கிற சுட்ட மண் நிறம். நம் பக்கத்துப் பச்சை முழுவதையும் இந்த மூன்றுக்குள்ளேயே கலந்து எடுத்துவிடலாம். ட்யூபில் வரும் பச்சை பிளாஸ்டிக் குடம் மாதிரி இருக்கும். தண்ணீருக்கு இரண்டு பாத்திரம்: ஒன்று தூரிகையை அலச, இன்னொன்று சுத்தமாகவே இருக்க.

படிப்பு முடிந்தபின் தஞ்சாவூரில் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நேரில் பார்த்து வரைந்த மூன்று நீர்வண்ணக் காட்சிகளைக் கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. கல்லணையில் ஒன்று முடித்தேன். நாகூரில் தர்கா மினார்கள் தெரிகிற மாதிரி ஒன்று. மூன்றாவது நடவு வயலாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். என்னிடம் நல்ல காகிதம் ஒன்றுதான் மிச்சம். மறுநாள் காலையில் நேர்காணல். அந்த வேலை கிடைத்தால் அம்மா நடவுக்குப் போவதை நிறுத்தச் சொல்லலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஐப்பசி. விடாமல் பெய்த மழை அன்று காலை விட்டிருந்தது. நாகப்பட்டினம் பாதையில் போகும் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்து, ஒரு வாய்க்கால் மதகு கண்ணில் பட்டதும் இறங்கிவிட்டேன். எனக்கு அந்த ஊர் தெரியாது. ஊர்ப்பேர் எழுதிய பலகையைக்கூடப் படிக்கவில்லை. மதகுக்கு அந்தப் பக்கம் கிழக்கே பார்த்தால் வயல், வயல், அதற்கப்பால் ஒரு மோட்டார் கொட்டகை, இரண்டு பனை, தூரத்தில் மூங்கில் வரிசை. எல்லா வயலிலும் நடவு முடிந்திருந்தது. நடுவில் ஒன்றில் மட்டும் வெறும் தண்ணீர். உழுது, பரம்படித்துச் சமமாக்கி, கண்ணாடி மாதிரி நின்றது. காலை வெயில் அதில் பட்டு நேராக என் முகத்துக்கு வந்தது. கண் கூசியது.

இதுதான் படம் என்று தோன்றியது.

படப்பலகையை நிறுத்துகிற ஈசல் என்னிடம் கிடையாது. ஊரில் போட்டோ எடுக்கிற ஒருவர் தூக்கிப் போட இருந்த மூன்று கால் ஸ்டாண்டை வாங்கி, அதன் தலையில் ஒரு பலகையைத் திருகியிருந்தேன். அதை வரப்பில் நிறுத்தி, காகிதத்தின் நான்கு பக்கமும் டேப் ஒட்டி, பென்சிலால் லேசாகக் கோடு போட்டேன். வரப்புகள், கொட்டகை, பனை. வயலுக்கு வயல் பச்சை மாறுவதால், ஒரு சிறு அட்டையில் கட்டம் கட்டமாகக் கலந்து பார்த்துக்கொண்டேன். பிறகு வானத்தை நனைத்து, ஈரம் இருக்கும்போதே நீலத்தைத் தொட்டு விட்டேன். அது தானாகப் பரவி மேகத்துக்கு இடம் விட்டு நின்றது. ஈரம் பாதி வற்றியதும் மூங்கில் வரிசை. அப்படிச் செய்தால் அதன் ஓரம் புகைமாதிரி மங்கலாக விழும். முழுக்கக் காய்ந்தபின் கிட்டத்து வயல்கள், வரப்புகள். நடுவில் அந்த வயலைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். நான்கு பக்கமும் பச்சை வந்ததும் அது தானாக விளக்கு மாதிரி எரியத் தொடங்கியது. நான் எதுவும் செய்யவில்லை. வெறும் காகிதம். ஆனால் வெயில்.

பாக்கி இருந்தது முன்னால் இருக்கும் வரப்பும் மதகும் மட்டும்தான்.

பின்னால் ஒரு பைக் வந்து நின்றது. இஞ்சினை அணைக்கவில்லை.

"யாரு நீ?"

திரும்பினேன். என்னைவிடக் கொஞ்சம் பெரியவர், கைலி, சட்டைப்பையில் போன்.

"வணக்கங்க."

"வணக்கம் இருக்கட்டும். யாரு அனுப்புனா?"

"யாரும் அனுப்பலைங்க. நானாத்தான் வந்தேன்."

"நானாத்தான் வந்தேன்னு மூணு கால வச்சு அளந்துகிட்டு நிக்குற?"

அப்போதுதான் எனக்கு என் ஸ்டாண்ட் எப்படித் தெரிகிறது என்று புரிந்தது.

எனக்குப் பயம் வந்தால் பள்ளிக்கூடத்துத் தமிழ் வந்துவிடும். அதோடு இங்கிலீஷும் சேர்ந்துகொள்ளும். வீட்டுப் பேச்சு எங்கோ ஒளிந்துகொள்ளும். "நான் ஓர் ஓவியன். இங்கே லேண்ட்ஸ்கேப் செய்ய வந்திருக்கிறேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. இஞ்சினை அணைத்துவிட்டு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் புல் அறுத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்துக் கத்தினார்: "மாமோய்! லேண்டு சர்வேயாம்! அவன் வாயாலயே சொல்லிட்டான்!"

"சர்வே இல்லைங்க, ஸ்கேப்..."

"எஸ்கேப்பு ஆவப் பாக்குறியா? நில்லு அங்கயே."

புல் அறுத்தவர் தலையில் துண்டோடு, கையில் அரிவாளோடு மதகு வழியாக வந்தார். அரிவாள் புல்லுக்கானது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அதே மாதிரி ஒன்று கூரையில் செருகியிருக்கும். இருந்தும் என் கண் அதைவிட்டு நகரவில்லை.

அவர் நிதானமாகச் சுற்றிவந்து என் பொருள்களைப் பார்த்தார். தரையில் இரண்டு பாட்டில்கள். ஒன்றில் தெளிந்த தண்ணீர், இன்னொன்றில் தூரிகை அலசிய பழுப்புத் தண்ணீர்.

"வாய்க்கா நெறைய தண்ணி ஓடுது. பாட்டில்ல எதுக்கு தம்பி தண்ணி?"

"வாய்க்கால் தண்ணி கலங்கலா இருக்குங்க. நிறம் கெட்டுரும்."

"அப்ப இது?" பழுப்புப் பாட்டிலைத் தூக்கி வெயிலில் பிடித்தார். "அடியிலேர்ந்து எடுத்ததா? போர் போட்டுப் பாத்தியா?"

"மண்ணும் எடுத்துருக்கான் மாமா" என்றார் பைக்காரர், பர்ன்ட் சியன்னா ட்யூபைப் பிதுக்கி விரலில் தேய்த்துக்கொண்டே. "பாரு, நம்ம மேலத்தெரு மண்ணு மாரியே இருக்கு."

"மோந்து பாருடா, கேஸ் வாசம் வருதான்னு."

துண்டுக்காரர் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் பைக்காரர் உண்மையாகவே முகர்ந்து பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் கேஸ் எடுக்க வருகிறார்கள், குழாய் பதிக்க வருகிறார்கள், நாலு வழிச்சாலைக்கு அளக்க வருகிறார்கள் என்று எப்போதும் ஒரு பேச்சு இருந்துகொண்டே இருக்கும். எங்கள் ஊருக்கும் ஒருமுறை ரோட்டுக்கு அளக்க வந்தார்கள். மூன்று கால் ஸ்டாண்ட் முதலில் தெருமுனையில் நின்றது, பிறகு எங்கள் வீட்டு வாசலில் நின்றது. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவர்கள் கேட்காமலேயே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அன்று அடுப்பைப் பற்றவைக்கவில்லை. குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். ரோடு வரவில்லை. கல் இன்னும் இருக்கிறது. அம்மா அதைச் சுற்றிப் பெருக்குவாள், தொடமாட்டாள்.

அந்த ஸ்டாண்ட் இப்போது என்னுடையதாக இருந்தது.

"இது என்னா?" பைக்காரர் என் நிற அட்டையை எடுத்தார். "கலர் கலரா கட்டம் போட்டுருக்க. எந்தக் கலரு யாரு நெலம்?"

"அது கலந்து பாக்குறதுக்குங்க. மஞ்சளும் நீலமும் சேர்த்தா பச்சை வரும். மஞ்சள் கூட்டினா இளம்பச்சை. கொஞ்சம் மண் நிறம் சேர்த்தா..."

என் வாழ்க்கையின் முதல் நீர்வண்ண வகுப்பை நான் அந்த வரப்பில்தான் எடுத்தேன். டேப் எதற்கு, பலகை ஏன் சாய்ந்திருக்கிறது, ஈரத்தில் ஈரம் வைத்தால் என்ன ஆகும், எல்லாவற்றையும் சொன்னேன். தூரிகையை எடுத்து அட்டையின் பின்பக்கத்தில் ஒரு வாஷ் இறக்கிக் காட்டினேன். அவசரத்தில் அது வாய்க்கால் மாதிரி வளைந்து போனது.

துண்டுக்காரர் குனிந்து பார்த்தார். "படம்தான்டா போடுறான் போல."

"படம் போட்டுத்தான் மாமா பிளானே போடுவாங்க. நீ சும்மா இரு."

அப்போதுதான் ஒரு அம்மா வந்தார். முழங்கால்வரை சேறு, தோளில் மம்பட்டி. நடுத்தர வயது. யார் என்ன என்று கேட்கவில்லை. நேராகப் படத்தின் முன்னால் வந்து நின்றார். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, விரலைக் காகிதத்தில் படாமல் மேலே நகர்த்தினார்.

"இது மோட்டாரு கொட்டா. இது ரெட்டப் பன. அப்ப இது பெரியவூட்டு வயலு. இது அவ்வோ தம்பியோடது." விரல் நடுவில் வந்து நின்றது. "இது எங்களோடது."

மற்ற வயல்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"எல்லாருதும் பச்சயா இருக்கு. எங்களுத மட்டும் ஏன் வெறும்னே விட்டுருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பைக்காரர், "பாத்தியாக்கா? அதான் ஸ்பாட்டு" என்றார்.

"தரிசுன்னு போட்டுட்டீங்களா சார்? தரிசுன்னா மொதல்ல எடுத்துக்குவாங்களாமே."

அந்தச் 'சார்' என்னைக் குலுக்கிவிட்டது. அதுவரை நான் 'நீ'. தம்பி. அவன், இவன். இந்த அம்மா கேட்டதில் கோபம் இல்லை. அப்பா அன்று தண்ணீர்ச் செம்பை நீட்டிய அதே குரல். என்னைப் பார்த்து ஒரு ஆள் பயப்பட முடியும் என்பது எனக்கு அதற்கு முன் தெரியாது. அரிவாளைவிட அது பயமாக இருந்தது.

"தரிசு இல்லைம்மா, தரிசு இல்லை" என்றேன். "அது வெளிச்சம்."

"என்னாது?"

"வெளிச்சம்மா. உங்க வயல்லதான் தண்ணி நிக்குது. வெயில் பட்டு வெள்ளையா மின்னுது. அந்த மினுமினுப்பைக் காட்டத்தான் அங்க கலர் வைக்காம விட்டுருக்கேன். மத்த வயலை எல்லாம்விட உங்க வயல்தாம்மா இந்தப் படத்துல அழகு."

"நாத்து வுட்டது மழையில அழுவிப் போச்சு சார்" என்றார் அவர், நான் சொன்னது எதுவும் காதில் விழாதது போல. "அதான் நடல. மறுபடி சொல்லி வச்சுருக்கோம். நாளன்னிக்கு நாத்துக்கட்டு வந்துரும். வேணும்னா கேட்டுப் பாருங்க. நாங்க நெலத்த சும்மா போட்டு வைக்கிற ஆளு இல்ல."

"எனக்குத் தெரியும்மா. நீங்களே வந்து உக்காந்து பாருங்க. நான் உக்காந்த இடத்துலேர்ந்து பாத்தா வெள்ளையாத் தெரியும்."

என் மடக்கு ஸ்டூலைக் காட்டினேன். அவர் தயங்கி, மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டு, சேற்றுப் புடவையை ஒதுக்கிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்தார். பைக்காரரும் துண்டுக்காரரும் அவர் தலைக்குமேல் குனிந்து அதே திசையில் பார்த்தார்கள். எனக்கு நம்பிக்கை வந்தது. பார்த்துவிட்டால் முடிந்துவிடும்.

நானும் திரும்பிப் பார்த்தேன்.

மேகம் வந்திருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. வயலில் வெள்ளை இல்லை, மினுமினுப்பு இல்லை. டீயில் பால் கொஞ்சமாக விட்டது போல ஒரு சேற்றுத் தண்ணீர் நின்றது. காற்றில் அது லேசாகச் சுருங்கியது.

"எங்க சார்?" என்றார் அந்த அம்மா.

"இப்ப... இப்ப மேகம் மறைச்சிருக்கு. கொஞ்ச நேரம் பாருங்க."

காத்திருந்தோம். எனக்கு வானத்தைப் பார்க்கத் தைரியமில்லை. மூங்கில் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது.

"வெளிச்சமாம்ல" என்றார் பைக்காரர். "இப்ப வி.ஏ.ஓ.வுக்குப் போன் போடவா, இல்ல இத கிழிச்சு வாய்க்கால்ல வுட்டுட்டு அப்பறம் பேசுவமா?" அவர் கை டேப்பின் ஓரத்தில் இருந்தது.

"கிழிக்காதடா" என்றார் துண்டுக்காரர். "கிழிச்சா வேற ஒண்ணு போட்டுக்குவான். எழுதுறவனுக்குப் பேப்பருக்கா பஞ்சம்?"

என்னிடம் வேறு காகிதம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்தார். என் பக்கத்தில் வந்து, மற்ற இருவருக்கும் கேட்காதபடி, "சார், அதுலயும் பச்ச அடிச்சுருங்க. நட்டாப்ல போட்டுருங்க. நாளன்னிக்கு நட்டுருவோம், பொய்யி இல்ல" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு படத்தைப் பார்த்தேன். அடித்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மறுநாள் மேசைமேல் வைக்கவேண்டிய படம். அதன் உயிர் முழுக்க அந்த ஒரு விரற்கடை வெள்ளையில் இருந்தது. கிளம்பி ஓடலாமா என்றுகூட நினைத்தேன். ஓடினால் அவர்கள் நினைத்தது உண்மை என்றாகிவிடும். அந்த அம்மா இன்று ராத்திரி எப்படித் தூங்குவார்? கல் எங்கே நடப்படும் என்று எங்கள் வீட்டில் ராத்திரியெல்லாம் பேசிக்கொண்டிருந்த குரல்கள் ஞாபகம் வந்தன.

தூரிகையை எடுத்தேன்.

"ஏய், என்னா பண்ணுற?" என்றார் பைக்காரர்.

"நடவு நடுறேங்க."

காவி மஞ்சளில் நீலத்தைத் தொட்டுக் கலந்தேன். முதல் சொட்டு வெள்ளையில் விழுந்தபோது எனக்குக் காது அடைத்தது. பக்கத்து வரப்பு இன்னும் முழுக்கக் காயவில்லை. அதன் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு பச்சை ஒரு பக்கம் ஓடிப் பூமாதிரி திட்டாக விரிந்தது. நீர்வண்ணத்தில் எல்லோரும் பயப்படுகிற கறை அது. ஒற்றி எடுக்க டிஷ்யூவைத் தேடினேன். அந்த அம்மா அதற்குள், "இந்த மூலைல வெறும்னே இருக்கு பாருங்க சார்" என்றார். அடித்தேன். "வரப்போரத்துல?" அடித்தேன். கடைசியில் வரிசை வரிசையாகச் சின்னக் கோடுகளும் வைத்தேன், நாற்று என்று தெரிவதற்காக.

அவர் நீண்ட நேரம் பார்த்தார். தோள் இறங்கியது. "ம்" என்றார். பிறகு, "கொஞ்சம் நெருக்கி நட்டுட்டீங்க" என்றார்.

துண்டுக்காரர் சிரித்துவிட்டார். "அவனுக்கு நடவாளு கூலியும் குடுத்துரு தங்கச்சி."

மழைத்துளி ஒன்று வானத்தில் விழுந்தது. படத்தின் வானத்தைச் சொல்கிறேன். அவசரமாகப் பலகையைக் கழற்றிப் பாலிதீன் உறையில் போட்டேன். அந்த அம்மா மம்பட்டியை எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் வரப்பில் இறங்கி நடந்தார்.

"ஏறு வண்டில" என்றார் பைக்காரர்.

"நான் நடந்தே போயிருவேங்க."

"ஏறுங்குறேன்ல."

ஸ்டாண்டை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். வண்டி பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போனது. குதித்துவிடலாமா என்று தரையைப் பார்த்தேன். ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினார். "டீ குடி" என்றார். குடித்தேன். நாக்கு சுட்டதுகூடத் தெரியவில்லை. குடித்து முடித்ததும் போனை எடுத்து, "இப்புடித் திரும்பு" என்று என் முகத்தைப் படம் பிடித்தார்.

"எதுக்குங்க?"

"எதுக்கும் இருக்கட்டும். ஊர் குரூப்ல போட்டு வைக்குறேன். படம் போடுறவன்தான்னா உனக்கென்ன பயம்?"

கிளாஸை வைத்துவிட்டு ஸ்டாண்டை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் இருந்தார்கள். கல்லணையையும் நாகூரையும் பார்த்துத் தலையாட்டினார்கள். மூன்றாவதைப் பார்த்ததும் ஒருவர் பேனா மூடியால் அந்த இடத்தைத் தொட்டார்.

"இது என்ன ஆச்சு தம்பி? சுத்தி எல்லாம் அழகா வந்திருக்கு. இங்க மட்டும் சேறு பண்ணி வச்சிருக்கீங்க. இந்த இடத்துல ஒயிட் விட்டிருந்தா படம் எந்திரிச்சு நின்னுருக்கும். இதெல்லாம் அடிப்படை. பிள்ளைங்களுக்கு நீங்கதான் சொல்லிக்குடுக்கணும்."

"விட்டிருந்தேன் சார்."

"அப்புறம்?"

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. "அது தரிசு இல்லைங்க சார்" என்று மட்டும் வந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. அம்மா இன்னும் நடவுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

அந்த மாதக் கடைசியில் வேறு வேலையாக நாகப்பட்டினம் பஸ்ஸில் போனேன். மதகு வருவதற்கு முன்பே எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பைக் எங்காவது நிற்கிறதா, யாராவது போனில் இருக்கும் முகத்தை ஜன்னலில் பார்த்து அடையாளம் சொல்லிவிடுவார்களா என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முன் சீட்டுக்காரரின் தோளுக்கு மேலே, கண் மட்டும் தெரிகிற மாதிரி எட்டிப் பார்த்தேன்.

நட்டிருந்தார்கள். இன்னும் பச்சை பிடிக்கவில்லை. மற்ற வயல்களுக்கு நடுவில் வெளிறிய மஞ்சளாக நின்றது. நான் அடித்ததைவிட இடைவெளி விட்டுத்தான் நட்டிருந்தார்கள். அந்த இடைவெளிகளில் எல்லாம் தண்ணீர் வெள்ளை வெள்ளையாக மின்னியது.

பஸ் நிற்கவில்லை. மதகு தாண்டிக் கொஞ்ச தூரம் போகிறவரை நான் தலையை நிமிர்த்தவில்லை.